திருப்பூரைக் காட்டி ஆதரிப்பதும் நொய்யலைக் காட்டி எதிர்ப்பதும்

தங்கள் ஊருக்கு அருகே ஏற்றுமதித் தொழிற்பேட்டை ஒன்று அமையவிருப்பதாகவும், ஊர்க்கூட்டத்தில் ஒரு தரப்பார் பனியன் ஏற்றுமதியால் வளர்ந்த திருப்பூரைக் காட்டி அதை வரவேற்பதாகவும், மறு தரப்பார் அங்கே சாயநீரால் கெட்ட நொய்யல் ஆற்றைக் காட்டி எதிர்ப்பதாகவும் எழுதி, உலகச் சந்தையோடு சேர்வது ஓர் ஊருக்கு நல்லதா கெட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரு தரப்பாரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். வளர்ச்சியும் நாசமும் ஒரே ஊரில், ஒரே சமயத்தில், ஒரே வேலையால் வந்தவை. நான் சென்னிமலைப் பக்கத்துக் குடியானவர் குடும்பத்தில் பிறந்து, திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசராக, அதாவது வாங்குபவரிடம் ஆர்டரும் விலையும் பேசுபவராக, பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஆகவே இரு தரப்பிலும் எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். நல்லதா கெட்டதா என்று ஒரே சொல்லில் விடை சொல்வதைவிட, எந்த நன்மை யார் கைக்குப் போனது, எந்தச் செலவு யார் தலையில் விழுந்தது என்று நடந்ததை நடந்தபடி சொன்னால் உங்கள் ஊர்க்கூட்டத்துக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றிவிட வேண்டும். வெள்ளைக்காரர் ஆர்டர் கொடுத்ததால் முளைத்த ஊரன்று திருப்பூர். கொங்கு நாட்டின் கிணற்றுப் பாசனத்தில் விளைந்த கம்போடியாப் பருத்தியும், அதை அரைக்கும் ஜின்னிங் ஆலைகளும், ரயில் நிலையமும் சேர்ந்து அதை ஒரு பருத்திச் சந்தையாக ஆக்கியிருந்தன. காந்தி காலத்தில் அது கதர் உற்பத்திக்குப் பெயர்பெற்ற ஊர். 1932 ஜனவரியில் கொடியேந்தி ஊர்வலம் போய் அடிபட்டு இறந்த குமரனின் ஊர். (அந்நியத் துணியை மறுத்த ஊரே அந்நியருக்குத் துணி தைக்கும் ஊரானதை மேடையில் பேசுகிறவர்கள் மிகவும் ரசித்துச் சொல்வார்கள்; அதில் எனக்கு வியப்பொன்றும் இல்லை, இரண்டுக்கும் அடியில் இருந்தது ஒரே பருத்திதான்.) விடுதலைக்கு முன்பே பின்னலாடை இயந்திரங்கள் வந்துவிட்டன. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அந்த இயந்திரங்கள் உள்நாட்டு மக்களுக்கான வெள்ளை பனியனையும் ஜட்டியையும் பின்னின. 1984இல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்யும் அளவுக்கு அங்கே ஒரு தொழிலும், தொழிற்சங்கமும், முதலாளிகள் சங்கமும், இவர்களுக்குள் ஒப்பந்தம் போடும் வழக்கமும் இருந்தன. உலகச் சந்தை வந்து சேர்ந்தபோது அதை எதிர்கொள்ள ஊரில் ஆட்களும் அமைப்புகளும் இருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பின்னால் திரும்பி வருவேன்.

1970களின் பிற்பகுதியில் இத்தாலிய வணிகர்கள் வெள்ளை டி-சர்ட்டுக்காக வந்தார்கள். அடுத்த பத்தாண்டுகளில் ஐரோப்பாவின் பெரிய சங்கிலிக் கடைகள் வந்தன. 1985 வாக்கில் ஆண்டுக்கு 20 கோடி ரூபாயைத் தொடாத ஏற்றுமதி, 2022–23இல் ஏறத்தாழ 34,000 கோடியாக இருந்தது. இந்த வளர்ச்சியைச் சாத்தியமாக்கியது பெரிய ஆலை எதுவுமன்று. ஓர் ஆர்டரை எடுப்பவர் ஒருவர். நூலைத் துணியாக்கும் நிட்டிங்காரர் வேறொருவர். சாயப்பட்டறை, துணி பின்னால் சுருங்காதபடி அழுத்தும் காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, காஜா பட்டன் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கையில். எல்லாமே ஜாப் ஒர்க், அதாவது இன்னொருவர் ஆர்டருக்குக் கூலிக்குச் செய்துகொடுக்கும் வேலை. நூல்காரர் கடனுக்கு நூல் கொடுப்பார், நிட்டிங்காரர் பில்லுக்கு இரண்டு மாதம் பொறுப்பார், பங்காளியும் மாமன் மச்சானும் சீட்டுப் பணத்தைப் போட்டு நான்கு மெஷின் வாங்கித் தருவார்கள். மாட்டை விற்றுவிட்டுக் கட்டிங் மாஸ்டராகச் சேர்ந்து, பத்து ஆண்டுகளில் சொந்தக் கம்பெனி வைத்த குடியானவர்களை அந்த ஊரில் எண்ணி மாளாது. வங்கி நம்பாத மனிதரை ஊர் நம்பியது. பணம் வெளிநாட்டிலிருந்து வந்தது என்பது உண்மை; ஆனால் அதைப் பிடித்துத் தனக்குள்ளேயே பல கைகள் மாறச் செய்தது உள்ளூர் வலைதான். இந்த ஓர் அம்சத்தைப் பொருளாதாரக் கட்டுரைகள் பலவும் புகழ்ந்திருக்கின்றன, சரியாகவே.

புகழாத இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உலகமயமாக்கலை எதிர்த்து எழுதுகிறவர்கள் உள்ளூர்ப் பொருளாதாரம் என்றவுடன் மனத்தில் வரைந்துகொள்ளும் சித்திரத்தில் தோட்டமும் கிணறும் கால்நடையும் இருக்கும். அந்தத் தோட்டத்தில் தலைமுறையாகப் பண்ணையாளாக இருந்தவர் இருக்கமாட்டார். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஆண்டுக் கூலிக்குக் கட்டுண்டு, வாங்கிய முன்பணத்தை அடைக்க முடியாமல், தனிக் குவளையில் டீ குடித்த குடும்பங்களின் பிள்ளைகள் காலை பஸ்ஸில் ஏறித் திருப்பூர் போய், ஓவர்லாக், பேட்லாக் என்ற தையல் மெஷின்களைப் பழகி, சனிக்கிழமை மாலை கையில் வாரக் கூலியோடு திரும்பியபோது, கிராமத்தின் பேச்சே மாறியது. "வாடா" என்று கூப்பிட்டவர்கள் தோட்ட வேலைக்கு ஆள் கிடைக்காமல் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். பெண்கள் விஷயமும் இப்படித்தான்: உதவியாள் வேலையான கைமடியிலும் செக்கிங்கிலும் தொடங்கி டெய்லராக உயர்ந்தவர்கள் தங்கள் பெயரில் சீட்டுக் கட்டினார்கள். இந்த நன்மையைத் தந்தது உள்ளூர்ச் சமூகமன்று, அதிலிருந்து வெளியேறும் ஒரு கதவு. நொய்யலுக்காக வருந்துகிறவர்கள் இதையும் சேர்த்துக் கணக்குப் போடாவிட்டால், தொழிலாளர்கள் அவர்கள் பேச்சைக் காதில் வாங்கமாட்டார்கள், வாங்கவும் இல்லை.

இனி ஆற்றுக்கு வருகிறேன். வெள்ளை பனியனுக்கு வெளுத்தால் போதும். வண்ணம் வந்தது ஏற்றுமதியோடு. பருத்திப் பின்னல் துணியில் சாயம் பிடிக்க ஏராளமான உப்பும், திரும்பத் திரும்ப அலச ஏராளமான தண்ணீரும் வேண்டும். உள்ளூர்க் கிணறுகள் போதாமல் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் வந்தது; அலசிய உப்புநீர் நொய்யலில் போனது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாகக் கரூர் மாவட்டத்தில் காவிரியைச் சேரும் இந்த ஆறு ஆண்டு முழுவதும் ஓடுவதன்று. மழைக்காலத்தில் மட்டும் பெருகுவது. எனவே கலந்து நீர்த்துப்போக நல்ல தண்ணீர் இல்லை. 1990களின் தொடக்கத்தில், பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டி முடித்தார்கள். ஏற்றுமதி பெருகிய அதே ஆண்டுகளில் கட்டப்பட்டதால், மழைநீரைத் தேக்க வந்த அணை சாயநீரைத் தேக்கியது. சில ஆண்டுகளில் அந்த நீர் பாசனத்துக்கு உதவாது என்றாயிற்று. அணையில் தண்ணீர் விடச் சொல்லிப் போராடும் விவசாயிகளைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். தண்ணீரைத் தேக்காதே என்று போராடிய விவசாயிகளை ஒரத்துப்பாளையத்தில் பார்த்தோம். ஆற்றோரக் கிணறுகள் உவர்த்தன. உப்புக்கரித்த தண்ணீரைத் தென்னை கொஞ்ச காலம் தாங்கியது. மஞ்சளும் காய்கறியும் தாங்கவில்லை.

சூழல் இழப்புக்கென அமைக்கப்பட்ட ஆணையம் 2004இல் 68 கிராமங்களில் 28,596 விவசாயிகள் பாதிக்கப்பட்டதாகக் கணக்கிட்டு, ஏறத்தாழ 24.8 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. வகுத்துப் பாருங்கள்: தலைக்குச் சராசரியாக 9,000 ரூபாய்கூட வராது. ஆயிரக்கணக்கான கோடியில் ஏற்றுமதி நடந்துகொண்டிருந்த காலத்தில் ஓர் ஆற்றுக்கும் அதன் கரையிலிருந்த நிலத்துக்கும் எழுதப்பட்ட விலை அது.

இந்த நிலையை மாற்றியது எது என்பதுதான் தங்கள் கேள்விக்கு மிக அருகில் இருக்கும் செய்தி. ஆடையை வாங்கிய கடைகள் மாற்றவில்லை. சந்தை தானாகத் திருத்திக்கொள்ளவும் இல்லை. 1990களில் கட்டப்பட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தையும் கசடையும் ஓரளவு எடுத்தன; கரைந்த உப்பை அவற்றால் எடுக்க முடியவில்லை. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2006 டிசம்பரில், கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறாத முறைக்கு மாற வேண்டும் என்றும், அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 காசில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும் அபராதம் கட்ட வேண்டும் என்றும் தீர்ப்பு வந்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உறுதிசெய்தது. கெடு மேல் கெடு வாங்கியும் முழுமையாக நிறைவேறாததால், 2011 ஜனவரி 28 அன்று 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடி மின் இணைப்பைத் துண்டிக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த ஆண்டு ஊர் எப்படி இருந்தது என்பதை இருந்தவர்களிடம் கேளுங்கள்: துணி சாயமேற்ற வெளியூர்களுக்கு லாரியில் போனது, ஆர்டர்கள் தவறின, டீக்கடைகள் காலியாயின, லைன் வீடுகளில் பூட்டுத் தொங்கியது. கண்காணிப்பு குறைந்த இடங்களுக்குச் சில பட்டறைகள் திருட்டுத்தனமாக இடம்பெயர்ந்து, அங்குள்ள ஓடைகளையும் கெடுத்தன.

அதற்குப் பின், மாநில அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. சவ்வு வடிகட்டலும், கொதிக்கவைத்து ஆவியாக்கும் கொப்பரைகளும், உப்புநீரையே மறுபடி சாயத்துக்குப் பயன்படுத்தும் முறையும் நிலைபெற்றன. இன்று ஒரு சாயப்பட்டறை தான் பயன்படுத்தும் தண்ணீரில் மிகப் பெரும் பகுதியைத் திரும்பப் பெறுகிறது. இது உலக அளவில் சொல்லத்தக்க சாதனை. இதைச் சாதித்த பட்டறைக்காரர்களைக் குறைத்துப் பேச மாட்டேன். மிஞ்சும் கலவை உப்பும் கசடும் மூட்டை மூட்டையாகக் குவிந்துகிடப்பது தனிக் கதை.

ஆனால் இந்தச் செலவு காஸ்டிங் தாளில் எங்கே போய் உட்கார்ந்தது? அதை நான் அறிவேன், ஏனென்றால் அந்தத் தாளை எழுதியது என் வேலை. நூல் விலை, நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங் தையல் கூலி, பட்டன் லேபிள், பேக்கிங், துறைமுகம் வரை லாரி வாடகை என்று கூட்டிக்கொண்டே வந்து கடைசியில் லாபம் சேர்ப்பது பாடப்புத்தகத்தில் உள்ள முறை. நடப்பில் வாங்குபவர் டாலரிலோ யூரோவிலோ ஒரு விலையை முதலிலேயே சொல்லிவிடுவார். நாம் கீழிருந்து மேலாகக் கழித்துக்கொண்டு போக வேண்டும். நூல் விலை ஆலைக்காரர் சொல்வது, சாயக் கூலி சுத்திகரிப்பால் ஏறியது, லாரி வாடகை டீசலோடு ஏறுவது. இவற்றில் கைவைக்க முடியாது. கைவைக்க முடிந்த இடங்கள் இரண்டே: தையல் கூலியும், ஜாப் ஒர்க்காரருக்குப் பணம் கொடுக்கும் நாளும். ஆற்றைச் சுத்தமாக வைத்திருப்பதற்காகச் சட்டைக்கு இத்தனை சென்ட் கூடுதலாகத் தருகிறேன் என்று சொன்ன வாங்குபவரை நான் கண்டதில்லை. சுத்தமாக வைத்திருக்கிறோம் என்பதற்குச் சான்றிதழ் கேட்டவர்கள் அநேகர். சுத்திகரிப்புக்கு எந்தக் கட்டாயமும் இல்லாத வேறொரு ஊரின் விலையை மேசையில் வைத்துப் பேரம் பேசுவார்கள். ஷிப்மென்ட் தாமதமானால் விமானத்தில் அனுப்பும் செலவும் நம்முடையதே.

தொழிலாளர் வாழ்வில் நடந்ததும் இதே கணக்கின் தொடர்ச்சி என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். சங்கங்களும் முதலாளிகளும் போடும் சம்பள ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. உருப்படிக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட்டும் கான்ட்ராக்டரும் பெருகப் பெருக, அது பொருந்தும் ஆட்களின் பங்கு குறைந்தது. ஒன்றரை ஷிப்ட், அதாவது காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை, வழக்கமான வேலை நாளாயிற்று. நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை மூன்று ஆண்டுகள் விடுதியில் வைத்து, கடைசியில் திருமணச் செலவுக்கென மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன முறை, தாலியின் பெயரால் கூலியைப் பிடித்துவைத்த முறை என்றே சொல்வேன். லட்சக்கணக்கான தொழிலாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சந்தா கட்டிவந்த ஊரில், நூறு படுக்கை கொண்ட இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 2019இல்தான். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் என்று வெளிமாநிலத்தார் பெருமளவில் வந்த பிறகு, ஒப்பந்தம் கேட்டுச் சங்கத்தில் சேரும் வழக்கமும் தளர்ந்தது. அவர்கள்மேல் பழி போடுவது எளிது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தவர்களையும் இப்படித்தான் பேசினார்கள்.

வெளிச் சந்தையை நம்பிய ஊர் எத்தனை திசைகளிலிருந்து அடிவாங்கும் என்பதற்குச் சில நிகழ்ச்சிகள் போதும். நாட்டுக்கு நாடு ஒதுக்கப்பட்டிருந்த ஜவுளிக் கோட்டா முறை 2005இன் தொடக்கத்தில் ஒழிந்தபோது, திருப்பூருக்குப் பொற்காலம் என்றார்கள். ஆனால் மிகப் பின்தங்கிய நாடு என்ற தகுதியால் வங்கதேச ஆடை ஐரோப்பாவில் சுங்கமின்றி நுழைந்தது. நம் ஆடைக்கு ஒன்பது, பத்து விழுக்காடு வரி. கோவை, திண்டுக்கல் ஆலைகளில் நூற்ற நூலே வங்கதேசத்துக்குப் போய், அங்கே ஆடையாகி நமக்குப் போட்டியாக நின்றது. நூல் விலை ஏறியபோது, 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும், முதலாளிகளே கம்பெனிகளை அடைத்துப் போராடினார்கள். 2016இன் பணமதிப்பிழப்பும் 2017இன் ஜி.எஸ்.டி.யும் உலகமயத்தின் வினை அல்ல. ஆயினும் சனிக்கிழமை ரொக்கத்தில் ஓடிய ஜாப் ஒர்க் வலையின் சின்னக் கண்ணிகள் அவற்றில்தான் அறுந்தன. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது 50 விழுக்காடு வரி விதித்தது; வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20 விழுக்காடு. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்குவது பற்றி அமெரிக்கா எழுப்பிய தகராறில், ஊத்துக்குளி சாலையில் பேட்லாக் ஓட்டுகிற பெண்ணுக்கு ஓவர்டைம் நின்றது.

அந்த நாட்களில் தாக்குப்பிடித்தவர்கள் யார் என்று கவனித்தேன். திருப்பூரின் உள்ளூர் ஆடைச் சந்தையான காதர்பேட்டை வணிகத்தையும் உள்நாட்டுக் கடைகளையும் முழுதாகக் கைவிடாதவர்கள், இரண்டு மூன்று நாடுகளுக்குப் பிரித்து அனுப்பியவர்கள், சொந்த இடத்தில் கடனில்லாத மெஷின் வைத்திருந்தவர்கள். ஒரே அமெரிக்க வாங்குபவருக்காக வங்கிக் கடனில் பெரிய கூடாரம் கட்டியவர்கள்தான் முதலில் ஆட்களை நிறுத்தினார்கள். ஏற்றுமதிக்காரர்கள் ஏளனமாகப் பார்த்த உள்நாட்டு பனியன் வியாபாரம் ஊரின் சேமிப்பாக இருந்திருக்கிறது.

ஆகவே, என் தீர்ப்பு இது: உலகச் சந்தை திருப்பூருக்குப் பணம் கொடுத்தது, அதை ஊருக்குள் தங்கவைத்தது உள்ளூர் உடைமை. உலகச் சந்தை ஆற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. எடுக்கவைத்தது கீழ்க்கரை விவசாயிகளின் சங்கமும் நீதிமன்றமும், அதுவும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தாமதமாக. உங்கள் ஊருக்கு வரவிருக்கும் தொழிற்பேட்டையில் இந்த இரண்டும் எப்படி இருக்கும் என்பதே கேள்வி. திருப்பூரில் முதலாளியும் சாயநீரும் ஒரே ஊரில் இருந்ததால், விவசாயியால் அவர்மேல் வழக்குப் போட முடிந்தது, பெரும்பாலான முதலாளிகளுக்கு ஓடிப்போகவும் இடமில்லை. வெளிநாட்டு நிறுவனம் குத்தகை இடத்தில் கொட்டகை போட்டு, சலுகைக் காலம் முடிந்ததும் அடுத்த மாநிலத்துக்குப் போகக்கூடிய ஏற்பாட்டுக்குத் திருப்பூரை உதாரணம் காட்டுவது பொருந்தாது. உங்கள் ஊர்க்கூட்டத்தில் ஆதரிப்பவர்கள் செய்யும் தவறு அது.

சூழல் அனுமதிக்காகப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துவதாக இருந்தால் குறைந்தது 30 நாட்கள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். திட்ட அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை ஊராட்சியிலும் ஆட்சியர் அலுவலகத்திலும் பார்க்கலாம். வேலைவாய்ப்பு எத்தனை ஆயிரம் என்ற பக்கத்தை அவர்களே வாசித்துக்காட்டுவார்கள். நீங்கள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பயன்படுத்திய பின் எங்கே போகிறது என்ற பக்கத்தைப் புரட்டுங்கள். திருப்பூருக்கே 2005 வாக்கில் பவானியிலிருந்து 50 கிலோமீட்டருக்கும் மேல் குழாய் போட்டுத்தான் தண்ணீர் வந்தது. சுத்திகரிப்பு நிலையம் தொழிற்சாலை ஓடத் தொடங்கும் முன்பே கட்டி முடியுமா, பழுதானால் அதை ஓட்டும் செலவு யாருடையது, வேலைக்கு ஆள் எடுப்பது நிறுவனமா கான்ட்ராக்டரா, ஜாப் ஒர்க்கில் உள்ளூர்க்காரர் பட்டறை வைக்க இடம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள், எழுத்திலேயே பதில் வாங்குங்கள். கூட்டம் உங்கள் ஊரில் மட்டும் நடந்தால் போதாது. ஓடை எந்த ஊர் வழியாகப் போகிறதோ அந்த ஊர்க்காரர்களையும் அழைத்து வாருங்கள். ஒரத்துப்பாளையம் திருப்பூரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் கீழே இருக்கிறது.